சந்திப்புக் கட்டணம்

பிப்ரவரி 9

சின்னவனுக்கு,

அண்ணி எழுதுகிறேன். ஆறு மாதம் கழித்து எழுதுகிறாளே, என்னவோ ஏதோ என்று பதறாதே. நீ பதறுகிற ஆளும் இல்லை. கூடப்பிறந்த அண்ணன் செத்ததற்கே வராதவன், ஒரு கடிதத்துக்கா பதறப் போகிறாய்?

திட்டுவதற்காக எழுதவில்லை. அது தனியாக இருக்கிறது, அதற்கு ஒரு கடிதம் பத்தாது. எனக்கு ஒரு விவரம் தெரிய வேண்டும். தயவுசெய்து போன் மட்டும் பண்ணாதே. அவர் போன மறுநாள் நீ கூப்பிட்டு "அலோ" என்றதும், "எங்க இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். நீ போனை வைத்துவிட்டாய். இரண்டு பேருக்கும் அச்சு அசல் ஒரே குரல். என்னால் முடியாது. எழுது.

விஷயம் இதுதான். சலவை ஆலையில் இருபத்தாறு வருஷம் உன் அண்ணன் கொதிகலனைக் கட்டி அழுதார். ஆஸ்பத்திரிப் போர்வைகளும் ஓட்டல் துண்டுகளும் அவர் விட்ட ஆவியில்தான் வெளுத்தன. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து உங்கள் கம்பெனியில் போட்ட ஓய்வுக்காலச் சேமிப்பு, அவர் போனபிறகு எனக்கு வர வேண்டியது, இன்னும் வந்தபாடில்லை. எல்லாக் காகிதமும் கொடுத்தாகிவிட்டது. பணத்துக்குப் பதிலாகப் போன வாரம் அவர் பேருக்கு ஒரு கவர் வந்தது. அப்படியே எழுதுகிறேன்:

"மதிப்பிற்குரிய உறுப்பினரே, நவம்பர் 14 அன்று எங்கள் ஆலோசகரை நேரில் சந்தித்து உங்கள் ஓய்வுக்காலம் குறித்துப் பேசியமைக்கு நன்றி."

அவர் போனது ஆகஸ்ட் 3.

"கம்ப்யூட்டர் தப்புக்கா, விடுங்க" என்றான் நான் துணி திருத்திக் கொடுக்கிற கடைக்காரன். எனக்கு மட்டும் தெரியாதா? இருந்தாலும் சொல்கிறேன், சிரிக்காதே. மத்தியானம் வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த அவர் பூட்ஸை எடுத்து, அடியில் புது மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. மறுநாளும் பார்த்தேன்.

அந்தக் காகிதத்தில் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் இன்னொரு வரி: "சந்திப்புக் கட்டணம் கணக்கில் சரிக்கட்டப்பட்டது." செத்த மனுஷன் எங்கே வந்தார்? யாரிடம் பேசினார்? அதற்கு அவரிடமே எதற்குக் காசு எடுத்தீர்கள்?

"எடுத்தீர்கள்" என்று கேட்டது கம்பெனியை இல்லை, உன்னை. ஆலோசகர் என்ற இடத்தில் இருக்கிற கையெழுத்து உன்னுடையது. வால் சுழித்துப் போடுவாயே, அதே.

அண்ணி


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஏற்பட்ட மன வருத்தத்துக்கு வருந்துகிறேன். இறப்புத் தகவல் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு வந்து சேரத் தாமதமாகும். அதற்குள் வழக்கமான கடிதங்கள் தானாகப் போய்விடும். நவம்பர் கட்டணத்தை நானே முன்னின்று திருப்பிப் போடச் சொல்கிறேன். மீதித் தொகை நாற்பத்தைந்து நாளில் உங்கள் கைக்கு வரும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதைப் பற்றித் தலைமை அலுவலகத்துக்கோ ஆலையில் இருக்கிறவர்களுக்கோ எழுத வேண்டாம். எது வேண்டுமானாலும் என்னிடம் கேளுங்கள்.

வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அம்மா கடைசி மூச்சு விட்டபோது நான் இந்த வேலைக்கான பயிற்சித் தேர்வில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு அண்ணன் சொன்னது உங்களுக்கும் கேட்டிருக்கும். "செத்தாலும் என் மூஞ்சியில முழிக்காதே." பதினொரு வருஷம் அதை மீறவில்லை. ஆகஸ்ட் 4 அன்று உங்கள் வீட்டுக்கு எதிர்ப்பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். வந்த பேருந்தெல்லாம் எனக்காக நின்றது, நான்தான் ஏறவில்லை. நீங்கள் கண்ணாடி போட்டிருந்தீர்கள். முன்பு போட மாட்டீர்கள்.

சின்னவன்


மார்ச் 3

சின்னவனுக்கு,

யாருக்கும் எழுதாதே என்று நீ எழுதிய கடிதம் வருவதற்குள் நான் தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். பணத்துக்கு உரியவள் என்பதால் அவர் கோப்பின் நகலை எனக்கு அனுப்பியாக வேண்டுமாம். வந்துவிட்டது. இருபத்து மூன்று தாள்கள். வருஷத்துக்கு இரண்டு, மே மாதம் ஒன்று, நவம்பரில் ஒன்று. ஒவ்வொன்றிலும் சந்திப்பில் பேசியது என்று ஒரு கட்டம். கட்டம் நிறைய உன் எழுத்து.

அடப்பாவிகளா! இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் பார்த்துப் பேசிக்கொண்டுதான் இருந்தீர்களா?

கடைப் பலகையில் துணியை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து படித்தேன். "உறுப்பினருக்கு இருமல் குறைந்திருக்கிறது. கொதிகலன் அறையில் காற்றாடியை மாற்றிவிட்டார்களாம்." "ஐம்பத்தெட்டில் வேலையை விட எண்ணம். மனைவி ஊசியில் நூல் கோர்க்கத் திணறுகிறாள், இனி அவள் பிறர் துணி தைக்கக் கூடாது என்கிறார்." இன்னொன்றில், "உறுப்பினருக்குப் பழைய கோபம் இல்லை. சாப்பிட்டாயா என்று ஆலோசகரை விசாரித்தார்." கம்பெனிக் காகிதத்தில் இதையெல்லாம் எழுதுவார்களா?

இதில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே இந்த மனுஷன். கேட்டதற்குத் தலையாட்டுவார், அதுவும் பாதித் தலை. என் கண்ணைப் பற்றிக் கவலைப்பட்டாரா? கண்ணாடி வாங்க நான் காசு கேட்டபோது, "ம்" என்றார். அந்த ஒரு எழுத்துக்குள் இவ்வளவு இருந்ததா?

எனக்கு உன் மேல் வயிற்றெரிச்சல். அவர் பேச்சு முழுவதும் உனக்குப் போயிருக்கிறது. ஆனாலும் நெஞ்சு நிறைந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று நாளாக அந்தத் தாள்களைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு வார்த்தை எழுது. நிஜமாகவே இத்தனை தடவை பார்த்துக்கொண்டீர்களா?

அண்ணி


மார்ச் 14

அண்ணி,

ஆமாம். பார்த்துக்கொண்டோம். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அண்ணன்தான் சொன்னார். வேலை அதிகம், பிறகு விரிவாக எழுதுகிறேன்.

சின்னவன்


மார்ச் 22

என் ராசா,

உன்னை என்னென்னவோ ஏசியிருக்கிறேன். மனதில் வைத்துக்கொள்ளாதே. நான் கல்யாணமாகி வந்தபோது நீ பன்னிரண்டு வயசுப் பொடியன். உனக்குச் சட்டைப் பொத்தான் தைத்துத் தைத்துத்தான் எனக்குத் தையலே வந்தது. திட்டவும் உரிமை உண்டு இல்லையா?

இங்கே ஒரு கூத்து. ஆலையில் இஸ்திரிப் பிரிவில் ஒரு அம்மாள் இருக்கிறாள். எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை படிக்காமல் விட மாட்டாள், அதனால் எல்லாரும் 'வக்கீலம்மா' என்பார்கள். அவள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "கேண்டீன்ல மேசையைப் போட்டுக்கிட்டு உங்க கொழுந்தனார் உட்காருவாரு, சாயங்காலம் எழுந்து போயிடுவாரு. வருஷக்கணக்கா ஒருத்தரும் போய்ப் பேசினதில்ல. ஆனா முந்நூத்தி நாப்பது பேர் கணக்குலயும் சந்திப்புன்னு காசு போகுது" என்றாள். விசாரணை அலுவலகத்தில் புகார் கொடுக்கிறார்களாம். ஆலையில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கோப்பைக் காட்ட மாட்டோம் என்கிறார்களாம் கம்பெனியில். என் கையில் இருக்கிற இருபத்து மூன்று தாள்கள்தான் ஆதாரமாம். பொய் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் எல்லாருக்கும் வழி திறக்குமாம்.

முடியவே முடியாது என்றேன். "உங்க கதை எனக்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரர் போயிருக்காரு, வாய்விட்டுப் பேசியிருக்காரு. தம்பியே எழுதிக் கொடுத்திருக்கான்" என்றேன். அந்த அம்மாள் கொண்டுவந்த காகிதத்தை மடித்துக்கொண்டாள். "சரிம்மா, உங்களுக்கு அப்படி இருந்தா நல்லதுதான்" என்று எழுந்து போனாள். நான் கொடுக்காவிட்டால் புகார் நிற்காதாம். நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன.

இப்போது நான் கேட்பதற்கு நீ பதில் எழுத வேண்டும். என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை. கடைசித் தாள், நவம்பர் 14. "உறுப்பினர் நலமாக இருக்கிறார். இப்போது வலி இல்லை. எதற்கும் அவசரமில்லை என்றார்." மற்றதெல்லாம் நிஜம் என்றால் இதுவும் நிஜம்தானே? உன்னிடம் வந்தாரா? எங்கே உட்கார்ந்தார்? என்ன சட்டை? அவருடைய நீலச் சட்டை ஒன்று காணவில்லை, வீடு முழுக்கத் தேடிவிட்டேன். அந்தச் சட்டையா?

உன் அண்ணி


மார்ச் 31

அண்ணி,

நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடுகிறேன்.

அண்ணன் வரவில்லை. நவம்பரில் வரவில்லை. அதற்கு முன்னாலும் வரவில்லை. அவ்வளவும் நான் எழுதியது.

எங்கள் வேலை இப்படித்தான். வருஷத்துக்கு இரண்டு தடவை ஆலைக்குப் போய் உட்கார வேண்டும். ஒவ்வொரு உறுப்பினரையும் சந்தித்ததாக ஒரு தாள் நிரப்ப வேண்டும். தாள் நிரம்பினால்தான் கட்டணம் எடுக்க முடியும். ஒரு தாளுக்கு, அந்த ஆள் கணக்கில் இருக்கிற மொத்தத்தில் நூற்றுக்கு அரை. வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்று. பார்த்தால் சின்ன எண். அறிக்கையில் 'நிர்வாகம் மற்றும் இதர' என்ற வரிக்குள் அது போய் உட்கார்ந்துகொள்ளும். யாரும் வர மாட்டார்கள் என்று கம்பெனிக்குத் தெரியும். வந்து கேட்காமல் இருப்பதுதான் வசதியும். சேர்ந்த முதல் வாரத்திலேயே மேலாளர் சொன்னார், "வந்தவங்களை மட்டும் எழுதினா உனக்குச் சம்பளம் யாருப்பா கொடுப்பா?"

மற்ற முந்நூற்று முப்பத்தொன்பது பேருக்கும் ஒரே வாக்கியம். "ஓய்வுக்கால இலக்கு விவாதிக்கப்பட்டது." திரும்பும் பேருந்தில் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதித் தள்ளுவேன். அண்ணன் தாளை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்வேன். முதல் தடவை அவர் பேரைப் பார்த்ததும் அந்த ஒரு வாக்கியத்தை எழுதக் கை வரவில்லை. வந்திருந்தால் என்ன பேசியிருப்பார் என்று யோசித்து எழுதினேன். யாரும் படிக்காத கட்டம்தானே. அடுத்த தடவையும் எழுதினேன். பிறகு மே எப்போது வரும், நவம்பர் எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன். இருமல் அவருக்கு எப்போதும் உண்டு. ஊசி பிடிக்கிறவர்களுக்குக் கண் மங்கும் என்பது ஊரறிந்தது. சாப்பிட்டாயா என்று அவர் கேட்டது மட்டும் என் ஆசை.

ஆகஸ்டுக்குப் பிறகு நவம்பர் பட்டியலிலும் அவர் பேர் இருந்தது. அடித்துவிட்டிருக்கலாம். அடித்திருக்க வேண்டும். பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. எழுதிவிட்டேன். என் அண்ணனோடு நான் பேசியதற்கு, அதுவும் பேசாத பேச்சுக்கு, என் அண்ணனிடமே காசு எடுத்திருக்கிறேன். செத்த பிறகும் எடுத்திருக்கிறேன்.

இருபத்து மூன்றில் ஒன்று நிஜம். அது உங்கள் கண்ணில் பட்டிருக்காது, ஏனென்றால் அதில் ஒன்றுமே இல்லை. ஆறு வருஷத்துக்கு முந்தைய மே மாதத் தாளை எடுத்துப் பாருங்கள். "சந்தேகம் எதுவும் இல்லை" என்று மட்டும் இருக்கும்.

அன்றைக்கு வந்தார். சாப்பாட்டு நேரம், கேண்டீன் நிறைய ஆட்கள். கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தார். அறிக்கையை விரித்து, அந்த வரியில் விரலை வைத்து, "சார், இந்தக் கழிவு என்ன?" என்று கேட்டார். என்னை சார் என்றார், அண்ணி. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மேசையிலேயே என் வேலை போயிருக்கும். "ஒண்ணுமில்லண்ணே, எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றேன். காகிதத்தை நாலாக மடித்து, எழுந்து போய்விட்டார்.

தாள்களை வக்கீலம்மாவிடம் கொடுங்கள். கொடுக்காதீர்கள் என்று சொல்ல வாய் வருகிறது. இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள், வீட்டுக் கடன் இருக்கிறது. அதனால் நீங்களே முடிவு செய்யுங்கள்.

சின்னவன்


ஏப்ரல் 13

சின்னவனுக்கு,

கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இருபத்திரண்டு தாளில் 'நடக்கவில்லை' என்று எழுதினேன். ஒன்றில் 'நடந்தது' என்று எழுதினேன். வக்கீலம்மாள் கேட்டாள், "இதையும் சேர்த்து இல்லைன்னு போட்டா ஒரே மாதிரி இருக்குமே?" முடியாது என்றேன். கொடுப்பதற்கு முன்னால் இருபத்து மூன்றையும் நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். எதற்கு என்று என்னைக் கேட்காதே. பொய் என்று தெரிந்த பிறகும் படிக்க நன்றாக இருக்கிறது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

நீ எனக்குச் செய்தது என்ன தெரியுமா? ஒரு தடவை செத்த மனுஷனை எழுப்பி உட்கார வைத்து, பேச வைத்து, மறுபடி சாகடித்தாய். உனக்கு ஆசையாக இருந்தால் உன் நோட்டில் எழுதியிருக்கலாமே. அவர் வியர்வைக் காசிலா எழுதுவாய்? நல்லா இருப்பியா நீ? ஆமாம், "பார்த்துக்கொண்டோம்" என்று எழுதினாயே, அந்தப் பேனாவை என்ன செய்வது?

இனி நீ கேள். உனக்குத் தெரியாத பாதி என்னிடம் இருக்கிறது.

அந்த மே மாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, கை கால் கூடக் கழுவாமல், "தம்பியைப் பார்த்தேன்" என்றார். "என்ன சொன்னான்?" என்றேன். "அண்ணேன்னு கூப்பிட்டான்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு இரண்டு தடவை அதையே சொன்னார். சார் என்று வேண்டுமென்றேதான் கூப்பிட்டிருப்பார், நீ என்ன செய்கிறாய் பார்ப்போம் என்று. அந்த வீம்பு எனக்குத் தெரியாதா?

இத்தனை தாள்களையும் படித்துவிட்டு, நீங்கள் அடிக்கடி பார்த்துக்கொண்டீர்கள் என்று நான் ஏன் நம்பினேன் என்கிறாயா? அந்த ஒரு தடவைக்குப் பிறகு மறுபடி போயிருப்பார் என்று நினைத்தேன். போகவில்லையாம். ஏன் போகவில்லை என்று நேற்று வக்கீலம்மாள் சொல்லித்தான் தெரியும். அந்த வருஷமே எல்லாரும் சேர்ந்து அந்தக் கழிவைக் கேட்க இருந்தார்களாம். முதலில் அவரைத்தான் அனுப்பினார்களாம், தம்பி ஆயிற்றே என்று. அவர் திரும்பி வந்து கொதிகலன் அறை வாசலில் நின்று, "விசாரிச்சுட்டேன். எல்லாம் சரியா இருக்கு. என் தம்பியே சொல்லிட்டான், அப்புறம் என்ன?" என்றாராம். அதோடு எல்லாரும் வாயை மூடிவிட்டார்கள். ஆறு வருஷம். முந்நூற்று நாற்பது பேர். இதற்கிடையில் ஓய்வு பெற்றுப் போனவர்கள் வேறு.

உன்னை அவர் மன்னித்துவிட்டார். மன்னித்ததால்தான் நம்பினார். நம்பியதால்தான் ஊரையே நம்ப வைத்தார். நீ பேருந்தில் உட்கார்ந்து "பழைய கோபம் இல்லை" என்று பொய் எழுதிக்கொண்டிருந்தாயே, மடையா, அது பொய்யே இல்லை. ஒரு எட்டு வீட்டுக்கு வந்திருந்தால் நேரிலேயே சொல்லியிருப்பார்.

மே 6 விசாரணை. நீ வர வேண்டும். உன் பிள்ளைகளை நினைத்தேன், நினைக்காமல் இல்லை. பீஸ் கட்ட முடியாவிட்டால் எனக்கு எழுது, நான் இன்னும் தைக்கிறேன். ஆனால் அவர் வாயால் சொன்ன சொல் ஆலையில் பொய்யாகக் கிடக்கிறது. அவரால் இனி எழுந்து வந்து திருத்த முடியாது. நீதான் திருத்த வேண்டும்.

அண்ணி


மே 7

அண்ணி,

நேற்றுப் போனேன். நீங்கள் வெளி பெஞ்சில் வக்கீலம்மாவோடு உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை, முடிந்ததும் பின்வாசல் வழியாகப் போய்விட்டேன். அதனால் உள்ளே நடந்ததை எழுதுகிறேன்.

வேலை போன வாரமே போய்விட்டது. என் மேல் வழக்கும் வரலாம் என்கிறார்கள். கட்டணம் எல்லாருக்கும் திரும்புமா என்பது அடுத்த மாதம்தான் தெரியும். மேலாளர் எனக்கு ஒரு வக்கீலை அனுப்பியிருந்தார். "எல்லாச் சந்திப்பும் போன்ல நடந்ததுன்னு சொல்லிடுங்க, முடிஞ்சுது" என்றார் அவர். நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

சின்ன அறை. ஒரு மேசை, மூன்று நாற்காலி. விசாரணை அலுவலர் என்னைவிடப் பத்து வயது பெரியவர் இருப்பார், முன்மண்டையில் முடி இல்லை. எதிரில் உட்காரச் சொன்னார். இருபத்து மூன்று தாளையும் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்.

"இதுல எது நடந்தது?"

"ஒண்ணு சார்." எடுத்துக் காட்டினேன்.

"அன்னைக்கு உறுப்பினர் என்ன கேட்டாரு?"

"இந்தக் கழிவு என்னன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னேன். எழுதிக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் என்ன? பதிவுக்காக வேணும், சொல்லுங்க" என்றார்.

சட்டப்படி எப்படிச் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாள் மனப்பாடம் செய்திருந்தேன். வாயைத் திறந்ததும் அது ஒன்றும் வரவில்லை.

"அண்ணே," என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னால் நிறுத்த முடியவில்லை. "அண்ணே, இது நாங்க உங்களைச் சந்திச்சதுக்கு எடுக்கிற காசு. மொத்தத்துல நூத்துக்கு ஒண்ணு, வருஷா வருஷம். உங்க பணம் அஞ்சு வளர்ந்தா அதுல ஒண்ணு எங்களுக்கு. வளராத வருஷமும் ஒண்ணு எங்களுக்கு. ஆனா நான் ஒரு நாளும் உங்களை வந்து பார்க்கலண்ணே. வந்து பார்க்கவே இல்ல."

அவர் எல்லாவற்றையும் எழுதி, தாளை என் பக்கம் திருப்பி, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஒரு வார்த்தைகூட விடாமல் எழுதியிருந்தார். போட்டேன்.

சின்னவன்